சொருகிய பிளேட்டுகள்: பழைய பிக்கப் பற்றிச் சில குறிப்புகள்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நெடுஞ்சாலையில் போகும்போது, காலியாக ஓடும் பழைய பிக்கப்புகளைப் பார்த்துக்கொண்டே போவேன். மல்லூர் தாண்டினாலும் ஆண்டகளூர் கேட்டில் நின்றாலும் காட்சி ஒன்றுதான். மூக்கு கீழே, வால் மேலே. பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் முழங்கை வரை கை போகிற இடைவெளி. கம்பெனியே அந்த உயரத்தில்தான் வண்டியை விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உயரம்தான் கம்பெனி கொடுத்தது. மீதி நம்மூர் ஸ்பிரிங் பட்டறைகளில் ஏற்றியது.

பழைய பிக்கப்பைத் தாழ இறக்கி ஓட்ட ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். முதலில் வண்டியை அதன் சொந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இறக்கமே போதும்.

*

ராசிபுரம் பக்கம் நண்பர் ஒருவர் வைத்திருப்பது ஜீப் முகம் கொண்ட மஹிந்திரா பிக்கப். முன்னே வைத்திருந்தவர்கள் அதில் செங்கல் ஏற்றினார்கள், மரவள்ளிக் கிழங்கு ஏற்றினார்கள். இவர் பண்ணையிலிருந்து முட்டை ஏற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து எடுத்துச் சும்மா ஒரு சுற்றுப் போய்வருவார். அதன் பின் ஸ்பிரிங்கைப் பிரித்தபோது கூட இருந்து பார்த்தேன்.

யூ போல்ட்டுகளைக் கழற்றி, சென்டர் போல்ட்டை உருவியதும் பிளேட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விரிந்தன. கம்பெனி பிளேட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிகிறது. முனைகள் ஒரே மாதிரி வெட்டியிருக்கும். நீளம் படிப்படியாகக் குறையும். ஒன்றின் முனை மேலே இருப்பதன் அடிப்பக்கத்தில் வருஷக்கணக்காக உரசி, பிறை மாதிரி பளபளப்பான ஒரு தடம் விழுந்திருக்கும். நடுவே இரண்டு பிளேட்டுகள் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேராதவை. தடிமன் கூட. முனையை கேஸ் கட்டிங்கில் அறுத்திருந்தார்கள், உருகி வழிந்த இரும்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ லாரியின் பழைய பிளேட்டை அளவுக்கு வெட்டிச் சொருகியிருக்கிறார்கள். அதன் வளைவு மற்றவற்றின் வளைவோடு ஒத்துப்போகவில்லை. மேலே இருந்த பிளேட்டில் சென்டர் போல்ட் துளையை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தொடங்கியிருந்தது.

பட்டறைக்காரர் இரண்டையும் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ஏனுங்க, இங்க வர்றவங்க எல்லாம் ரெண்டு பிளேட் சேத்துப் போடுங்கன்னுதான் கேப்பாங்க. நீங்க எடுக்கச் சொல்றீங்களே?”

நண்பர் விஷயத்தைச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு, “எடுத்தா வண்டி சொகுசா இருக்குமுங்க. ஆனா மறுபடி ஒன்றரை டன் ஏத்தோணும்னா அப்ப எங்கிட்ட வராதீங்க” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்கிற பட்டறைக்காரரிடம் வண்டியை நம்பி விடலாம்.

*

பிளேட் கணக்கு பலருக்கும் பிடிபடாமல் போவதற்குக் காரணம், எல்லோரும் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், தடிமனைப் பார்ப்பதில்லை. பிளேட்டின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப ஏறுகிறது. நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும்போது, 6 மி.மீ. பிளேட்டைவிட 8 மி.மீ. பிளேட் 2.37 மடங்கு விறைப்பு. 10 மி.மீ. என்றால் நாலரை மடங்குக்கும் மேல். ‘ஒரே ஒரு பிளேட்தானே’ என்று லாரி பிளேட் ஒன்றைச் சொருகும்போது, வண்டிக்கு நாலு பிளேட்டுக்கு மேல் சேர்த்த கதையாகிவிடுகிறது.

லோடு இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. காலி வண்டியில்தான் தெரியும். ஸ்பிரிங் அசையவே மறுக்கும். சின்னப் பள்ளத்திலும் பின் ஆக்சில் துள்ளும். துள்ளுகிற நொடியில் டயர் ரோட்டைப் பிடிக்காது, அந்த நொடியில் பிரேக் மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் ஓடும். டயரின் பட்டன் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தேயும். வால் தூக்கி நிற்பதால் ஹெட்லைட் வெளிச்சம் வண்டிக்கு முன்னாலேயே விழுந்து முடிந்துவிடும். புதுச்சத்திரம் தாண்டி இரவில் வரும்போது எதிரே லைட் இல்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லரைப் பார்க்க அது போதாது.

*

வண்டியை இறக்கும் ஆசைக்கு ஊர் லாஸ் ஏஞ்சலிஸ். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் பழைய செவ்ரோலேக்களின் டிக்கியில் மணல் மூட்டைகளைப் போட்டு, பின்பக்கத்தை அமுக்கி, தெருத்தெருவாக மெதுவாக ஓட்டினார்கள். வேகமாக ஓட்டுவது வெள்ளைக்கார இளைஞர்களின் மோகமாக இருந்த காலம் அது. இவர்கள் நிதானத்தை அழகாக்கினார்கள். 1958இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: வீல் ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது. அடுத்த ஆண்டு ரான் அகீர்ரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தி, ஒரு சுவிட்சில் வண்டியை ஏற்றவும் இறக்கவும் வழி செய்தார். போலீஸ் வந்தால் ஏற்றிக்கொள்ளலாம். அந்தத் தடை 2024 ஜனவரியில்தான் நீங்கியது.

அவர்கள் மூட்டை போட்டு வண்டியை இறக்கினார்கள். சங்ககிரியில் நாம் சிமெண்ட் மூட்டை போட்டாலும் வண்டி இறங்கக் கூடாது என்று பிளேட் போட்டோம். இரண்டு ஊரும் ஒரே ஸ்பிரிங்கைத்தான் படித்திருக்கின்றன, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து.

சட்டம் போனாலும் அந்த ரிம் கணக்கு நல்ல கணக்கு. டயர் வெடித்துக் காற்று மொத்தமும் போனால் வண்டி ரிம்மில் உட்காரும். அப்போது ரிம்மைவிடத் தாழ எது தொங்கினாலும் ரோட்டில் இழுபடும். பிரேக் பைப்போ ஷாக் அப்சார்பர் பிராக்கெட்டோ என்றால் அதன் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு இறக்கினாலும் இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

*

நம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. ‘விஏ’ எழுத்துகளோடு தனி நம்பர், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். சொந்த உபயோகத்து வண்டியாக இருக்க வேண்டும். சேஸி, பாடி, என்ஜின் மூன்றும் அசல் வடிவில் இருக்க வேண்டும். கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். பம்பாயில் 1954 வரை ஜெனரல் மோட்டார்ஸ் பூட்டிக் கொடுத்த செவ்ரோலேயோ, பிரிமியர் கம்பெனியின் டாட்ஜ், ஃபார்கோவோ யாரிடமாவது உயிரோடு இருந்தால் தயவுசெய்து சேஸியில் கட்டிங் மிஷினை வைக்காதீர்கள். அறுத்த சேஸி திரும்பி வராது. அமெரிக்கக்காரர்கள் ஆக்சிலுக்கு இடம் விடச் சேஸியை அரைவட்டமாக வெட்டி உள்ளே தகடு வெல்டிங் செய்வார்கள். அவர்களிடம் அந்த வண்டி லட்சக்கணக்கில் இருக்கிறது, நம்மிடம் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

சொருகிய பிளேட்டை எடுப்பதற்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வண்டி ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி ஆகிறது, அவ்வளவுதான்.

*

அதற்கும் மேலே ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் வேண்டும் என்கிறவர்கள் முதலில் வண்டிக்கடியில் குனிந்து ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்பில் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே ஓடும். அங்கே இரண்டுக்கும் நடுவில் கட்டை வைத்தால் வண்டி இறங்கும். ஸ்பிரிங் மேலே உள்ள வண்டியில் அதே கட்டையை அதே இடத்தில் வைத்தால் வண்டி ஏறும். மேலே உள்ள ஸ்பிரிங்கைக் கீழே மாற்றிப் பூட்டினால் ஒரே அடியாக ஆக்சில் குழாயின் பருமனும் ஸ்பிரிங் கட்டின் பருமனும் சேர்ந்த அளவுக்கு இறங்கிவிடும். அது நம் ரோட்டுக்கு மிக அதிகம்.

ஆக்சில் மேலே வந்தால் சேஸிக்கும் அதற்கும் நடுவே உள்ள ரப்பர் முட்டு நெருங்கிவிடும். காலி வண்டியில் அங்கே மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு மாறும், அதன் மூட்டில் உள்ள கிராஸ் சீக்கிரம் போகும். அதைச் சரிக்கட்ட ஆக்சில் இருக்கையில் ஆப்பு மாதிரி சரிவான தகடு வைக்கிறார்கள். இரும்புத் தகடாக வையுங்கள், அலுமினியம் நசுங்கும். முன்பக்கம் இறக்கினால் ஸ்டீரிங் ராடின் சாய்வும் மாறி, பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் வண்டி தானாக ஒரு பக்கம் ஒடிக்கும். அதனால் முன்பக்கத்தை நான் தொடச் சொல்வதில்லை. பின்பக்கம் இறங்கி வண்டி சமமாக நின்றாலே பாதிப் பேருக்கு ஆசை அடங்கிவிடும்.

ஒன்று மட்டும் கூடவே கூடாது. கேஸ் நெருப்பில் பிளேட்டைச் சிவக்கக் காய்ச்சி வளைவை எடுப்பது. ஸ்பிரிங் எஃகின் பலம் அதற்கு முதலில் கொடுத்த பதத்தில் இருக்கிறது. சிவந்ததும் அந்தப் பதம் போய்விடும். அன்றைக்கு அழகாக உட்காரும், மாதம் போகப்போகச் சரிந்துகொண்டே போகும், ஒருநாள் உடையும். வளைவைக் கூட்டுவதோ குறைப்பதோ, குளிர்ந்த பிளேட்டில் சுத்தியலால் அடித்தோ பிரெஸ்ஸில் அழுத்தியோதான் செய்ய வேண்டும். கை தேர்ந்தவர்கள் பட்டடைக் கல்லில் வைத்துத் தட்டிக்கொண்டே போவார்கள், ஒவ்வொரு அடிக்கும் விரற்கடை தூரம் தள்ளி. கடைசியில் இரண்டு பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் கிடைக்கும் வெளிச்சக் கீற்று இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கும்.

*

டயர். இறக்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது இது. வண்டியின் உயரத்தில் டயருக்கும் பங்கு உண்டு, சுமையோ முழுக்க அதன் தலையில்தான்.

ஜீப் வகைகளுக்குப் பழைய அளவு 6.00-16. அதன் முழு விட்டம் ஏறக்குறைய 72, 73 செ.மீ. இன்று எந்தக் கடையிலும் கிடைப்பது பொலேரோவுக்கு வரும் 215/75 ஆர் 15. கணக்குப் போடுவோம்: 215 மி.மீ. அகலத்தில் 75 சதவீதம் 161. மேலும் கீழும் சேர்த்து 322. ரிம் 15 அங்குலம், அதாவது 381. கூட்டினால் 703 மி.மீ., சுமார் 70 செ.மீ. விட்டத்தில் இரண்டரை செ.மீ. குறைகிறது. வண்டி இறங்குவது அதில் பாதிதான், ஆக்சிலுக்குக் கீழே இருக்கிற பாதி டயர்தானே கணக்கு. கடைக்காரர் ‘ஒரு இஞ்ச் இறங்கும்’ என்றால் அரை இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் மூன்று நான்கு சதவீதம் கூடக் காட்டும்.

ரிம் மாற்ற வேண்டிவரும். வில்லிஸ் வகைக்கு ஐந்து போல்ட், ஐந்தரை அங்குல வட்டம். போல்ட் பொருந்தினால் போதாது, ஹப் நுழையும் நடுத்துளையும் ரிம்மின் உள்வாங்கலும் பொருந்த வேண்டும். ரிம் வெளியே தள்ளினால் இறங்கிய வண்டியில் டயர் மட்கார்டில் இடிக்கும், உள்ளே போனால் ஸ்பிரிங்கில் உரசும். ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

சுமை எண்ணைப் பாருங்கள். டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் வரும் எண். 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ, 100 என்றால் 800, 104 என்றால் 900, 106 என்றால் 950. இந்தக் கணக்கை வண்டியோடு பொருத்திப் பார்க்க எளிய வழி எடை மேடை. நாமக்கல்லில் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிறது. வழக்கமான லோடோடு போய், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை போடச் சொல்லுங்கள். வரும் எண்ணில் பாதி ஒரு டயருக்கு. அதற்கு மேலே தாராளமாக இடம் விட்டு டயர் எடுங்கள். கார் டயரை அழகுக்காகப் பிக்கப்பில் மாட்டி முட்டை ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன், மனசு பதைக்கிறது.

நைலானா, ரேடியலா? கல் குவாரிக்கும் உழுத காட்டுக்கும் போகிற வண்டி என்றால் நைலான். அதன் பக்கச்சுவர் தடித்தது, கல் கிழிப்பைத் தாங்கும். தார் ரோட்டு ஓட்டமே அதிகம் என்றால் ரேடியல். சூடு குறைவு, தேய்மானம் குறைவு, பிடிப்பு நல்லது. சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது இந்தச் சூட்டுக் கணக்கு சின்ன விஷயமில்லை. ரேடியல் போட்டவர்கள் அதன் வயிறு பிதுங்குவதைப் பார்த்துக் காற்று போதவில்லை என்று கூட ஏற்றிவிடுகிறார்கள். அது பிதுங்கித்தான் நிற்கும். கேஜை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள். காலையில், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் நைலான், மறு பக்கம் ரேடியல் கூடாது. கையில் இரண்டு ரேடியல்தான் இருக்கிறது என்றால் அவை பின்னால் போகட்டும். பழைய ரிம்மில் டியூப்லெஸ் வேண்டாம். டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு அந்த ரிம்களில் இருக்காது. டியூப் போடுங்கள், ரேடியலுக்கென்று விற்கும் டியூபாகக் கேட்டு வாங்குங்கள்.

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கொஞ்சமாக ஓடும் பழைய வண்டிகளில் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதுதான் அதிகம். பட்டன் புதுசாக இருக்கும், பக்கச்சுவரில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். அந்த டயரை வீட்டு வாசலில் செடி வைக்கப் பயன்படுத்துங்கள்.

அகலம் பற்றி என் ரசனையையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிக்கப்புக்கு ஒல்லியான, உயரமான பக்கச்சுவருள்ள டயர்தான் முகம். பெரிய அலாய் வீலும் ரிப்பன் மாதிரி ரப்பரும் போட்டால் வண்டியின் வயது போய்விடுகிறது. பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியில் அகல டயரைத் திருப்புகிற தோளுக்கும் தெரியும்.

*

ரீட்ரெடிங் இந்தப் பக்கத்தில் குடிசைத் தொழில் போலப் பரவியது. லாரிக்கு அது இல்லாமல் கணக்கு நிற்காது. எம்.ஆர்.எஃப். கம்பெனியே 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் ரீட்ரெடிங் ரப்பருக்கு வந்து, அதன் பிறகுதான் டயர் தயாரிப்புக்குப் போனது. நல்ல கேசிங்காக இருந்தால் பழைய பிக்கப்பின் பின் சக்கரத்துக்கு ரீட்ரெட் போடலாம். முன் சக்கரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

*

வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் அளவுப்படி 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிக் கட்டிய தடையை எவ்வளவு தாழ்ந்த வண்டியும் தாண்டும். ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட தடைக்கு எந்த அளவும் கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகப் போட்டது, குறை சொல்லவும் முடியாது. உங்கள் வண்டி தினமும் தாண்டுகிற மிக மோசமான தடையை ஒரு குச்சியால் அளந்துகொண்டு வாருங்கள். இறக்கத்தின் எல்லை அந்தக் குச்சியில் இருக்கிறது.

*

முட்டை கனமான லோடு இல்லை. 210 முட்டை கொண்ட பெட்டி 11, 12 கிலோ வரும். நாற்பது பெட்டி ஏற்றினாலும் அரை டன்னைத் தொடாது. ஆனால் அதற்கு மென்மையான ஸ்பிரிங் வேண்டும், துள்ளல் கூடாது. நண்பரின் வண்டிக்குக் கம்பெனி ஸ்பிரிங்கே இந்த வேலைக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கிறது. செங்கல் காலத்தில் சொருகியதை முட்டை காலத்திலும் சுமந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வளைவுகளில் கிடைக்கும் லாபம் தனி. வண்டி கவிழ்வதைத் தாங்கும் திறனை, இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை எடைமையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்துக் கணக்கிடுகிறார்கள். அகலம் 1.24 மீட்டர், எடைமையம் 0.70 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் 0.89 வரும். எடைமையம் 5 செ.மீ. இறங்கினால் 0.95. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அத்தனையிலும் இந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

*

வேலை முடிந்த அன்று செய்ய வேண்டியவை. உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றைப் பொறுத்து மாறும். ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, இடது வலது இரண்டையும் எழுதி வையுங்கள், காலியாக ஒரு முறை, லோடோடு ஒரு முறை. ஷேக்கிள் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. நாலு சக்கரமும் தரையில் நின்று, எடை ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். பின் ஷாக் அப்சார்பர் புது உயரத்தில் அடிதட்டாமல் இருக்கிறதா, பிரேக் ஹோஸ் எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். ஹெட்லைட்டைச் சுவரில் அடித்து மறுபடி செட் பண்ண வேண்டும், வால் இறங்கியதும் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஏறியிருக்கும். பிளேட்டுகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரக் கொஞ்சம் ஓட்டம் எடுக்கும், அதற்குள் யூ போல்ட் தளர்ந்துவிடும். நாமக்கல் வரை ஒரு சுற்றுப் போய்வந்ததும் ஒரு முறை, 500 கிலோமீட்டர் ஆனதும் இன்னொரு முறை, டார்க் ரெஞ்ச் வைத்து நாலு நட்டையும் குறுக்குக்குறுக்காக இறுக்குங்கள்.